சாம்பல் சொல்லும் வரலாறு

துப்பறியும் கதைகளில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் பெயர் புதிதன்று. ஆர்தர் கோனன் டாயில் படைத்த அந்தத் துப்பறிவாளர் முதன்முதலாகத் தோன்றிய புதினம் 1887-இல் வெளிவந்தது. கொலை நடந்த அறையின் தரையில் சிதறிக் கிடந்த சாம்பலைத் திரட்டிப் பார்க்கும் ஹோம்ஸ், அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று கண்டுகொள்கிறார். நம் ஊர்ச் சுருட்டு அந்நாளில் இலண்டன் வரை பெயர் பெற்றிருந்தது. ஒரு பிடிச் சாம்பலைக் கொண்டு, எரிந்த பொருள் இன்னது, அது பிறந்த ஊர் இன்னது என்று சொல்லிவிட முடியும் என்பதே அக்காட்சியின் சுவை.

அது கதை. ஆனால் அத்திறமை நம் பாட்டிமார்க்கும் இருந்தது. அடுப்பில் எரிந்தது சவுக்கா, வேம்பா, வறட்டியா, உமியா என்பதைச் சாம்பலைக் கண்டே அவர்கள் அறிவார்கள். பாத்திரம் துலக்க ஒரு சாம்பல், பல் துலக்க உமிக்கரி, விதையைப் பூச்சியிடமிருந்து காக்க ஒரு சாம்பல், தோட்டத்துக்கு உரமாக ஒரு சாம்பல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் இருந்தது. நம் கோயில்களில் தவக்காலத் தொடக்கத்தில் நெற்றியில் இடப்படும் சாம்பலும் அத்தகையதே. சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று கையில் ஏந்திச் சென்ற ஓலைகளை வீட்டில் காத்து வைத்திருந்து, மீண்டும் கோயிலுக்குக் கொண்டுவந்து எரித்து எடுக்கும் சாம்பல் அது. அதன் பிறப்பை அறியாதவர் நம்மில் இல்லை.

சாம்பலின் பிறப்பை அறிந்திருந்த அதே மண்ணில், தாம் எரிப்பது என்னவென்று எரிப்பவருக்கே தெரியாத நிலை எவ்வாறு வந்தது? தொழிற்சாலைக் கழிவுகளை எரிபொருளாக்கும் வழக்கத்தால் காற்று மாசடைகிறது என்று இன்று பேசுகிறோம். அப்பேச்சின் வரலாற்றுப் பின்னணியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நலம்.

தீவின் அடுப்புகள்

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. இரண்டுக்கும் இடையே திருவரங்கத் தீவு கல்லணை வரை கிழக்கே நீள்கிறது. கோயில்களால் புகழ்பெற்ற இத்தீவு, நெல்லும் வாழையும் கரும்பும் விளையும் வளமான நிலமுமாகும். திருவானைக்காவலிலிருந்து கல்லணை நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள திருவளர்ச்சோலை போன்ற ஊர்களில், பொங்கலுக்கு முன் வெல்லம் காய்ச்சும் வேலை மும்முரமாக நடப்பது நெடுநாளைய வழக்கம்.

அத்தொழிலின் முறை எளியது. வெட்டிய கரும்பை ஆலையில் கொடுத்துச் சாறு பிழிவார்கள். அகன்ற இரும்புக் கொப்பரையில் சாற்றை ஊற்றிக் கொதிக்க வைத்து, சிறிது சுண்ணாம்பு சேர்த்து, மேலே திரண்டு வரும் அழுக்கை வழித்து எடுப்பார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் இறக்கி, ஆறவிட்டு, அச்சில் வார்ப்பார்கள். ஏறத்தாழ 100 கிலோ கரும்பிலிருந்து 10 கிலோ வெல்லமும் 30 கிலோ ஈரச் சக்கையும் கிடைக்கும். அச்சக்கை வெயிலில் உலர்ந்து, காய்ந்த கரும்புத் தோகையோடு சேர்ந்து, அதே கொப்பரையின் அடியில் எரியும். எரிந்த சாம்பல் மீண்டும் வயலுக்குப் போகும். சாறு எந்த வயலிலிருந்து வந்ததோ, நெருப்பும் அந்த வயலிலிருந்தே வந்தது. அடுப்பெரிப்பவர் பெரும்பாலும் அக்கரும்பை வெட்டியவராகவோ, வெட்டியவரின் உறவினராகவோ இருந்தார்.

பழைய புகையை நாம் அமுதம் என்று போற்ற வேண்டியதில்லை. சக்கைப் புகையும் கண்ணைக் கரிக்கும். வறட்டிப் புகை எத்தனையோ தாய்மாரின் நெஞ்சைக் கெடுத்திருக்கிறது. அரிசி ஆலைகளின் உமிக்கரித் தூள் வீட்டு முற்றங்களில் படிந்ததை முதியோர் இன்றும் சொல்வார்கள். ஆயினும் அந்தப் புகைக்கு ஒரு பெயர் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததைக் குறித்துத்தான் முறையிடவும் மாற்றவும் முடியும்.

நிலக்கரியின் காலம்

தென்னிந்திய இரயில்வேயின் பெரிய பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து, 1928-இல் பொன்மலையில் இயங்கத் தொடங்கியது. திருச்சியின் வானில் நிலக்கரிப் புகை ஓர் அன்றாடக் காட்சியாயிற்று. 1939-இல் கல்லக்குடியில் சிமெண்டு ஆலை எழுந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த நிலத்தின் சுண்ணாம்புக்கல்லை அது சுட்டது. விடுதலைக்குப்பின், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு அமைந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1965-இல் திருவெறும்பூரில் உற்பத்தியைத் தொடங்கியது. நெருப்பை எவ்வாறு அடக்கி ஆள்வது, எந்த எரிபொருளுக்கு எவ்வளவு காற்று வேண்டும், எந்த வெப்பத்தில் புகை தெளியும் என்பவற்றைத் தொழிலாகவே கற்ற பல்லாயிரம் குடும்பங்கள் இந்நகரைச் சுற்றி வாழ்கின்றன. எரிதலைப் பற்றிய அறிவு இல்லாத ஊர் அன்று நம் ஊர்.

நிலக்கரியும் கொடியதே. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் நகரைப் புகைப்பனி மூடியது. அதில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வாளர்கள் 12,000 வரை சொல்கிறார்கள். போரினால் கடன்பட்டிருந்த பிரிட்டன், நல்ல நிலக்கரியை வெளிநாட்டுக்கு விற்று, தூளும் துண்டுமான மட்டமான சரக்கை உள்நாட்டு வீடுகளுக்குத் தாராளமாக விட்டிருந்த காலம் அது. மலிவான எரிபொருளின் விலையை மக்களின் நுரையீரல் செலுத்தியது. ஆனால் குற்றவாளி யார் என்பதில் ஐயம் இருக்கவில்லை. அதனால் நான்கே ஆண்டுகளில், 1956-இல், தூய காற்றுச் சட்டத்தை அந்நாட்டினர் இயற்ற முடிந்தது.

சக்கைக்கு விலை வந்தது

1979-இல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அன்று திருச்சி மாவட்டத்தில் இருந்து, இன்று கரூர் மாவட்டத்தில் உள்ள புகளூரில், 1980-களின் நடுவில் அது காகிதம் செய்யத் தொடங்கியது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வது அதன் சிறப்பு. சர்க்கரை ஆலைகள் தம் கொதிகலன்களில் எரித்துவந்த சக்கையை அது பெற்றுக்கொண்டு, ஈடாக நிலக்கரியையோ நீராவியையோ கொடுத்தது. காட்டுக்கு இது நன்மையே. ஆயினும் வரலாற்றுப் பார்வையில் இங்கே ஒரு திருப்பம் உண்டு. அதுவரை தொழிலின் எச்சமாக இருந்த சக்கை, இப்போது சந்தைச் சரக்காயிற்று. சக்கை போன அடுப்பில் வேறொன்று எரியவேண்டும் என்ற நிலை தோன்றிற்று.

சிறிய வெல்லக் கொப்பரைகளின் துன்பம் வேறு வகையானது. பழைய ஒற்றைக் கொப்பரை அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாகும். தன் சக்கையே தனக்குப் போதாது. காய்ச்சும் காலத்தில் மழை பெய்தால் சக்கை நனைந்துவிடும். விறகின் விலையும் ஆட்கூலியும் ஏறின. வெல்லத்தின் விலையோ பண்டிகைக்குப் பண்டிகை ஏறி இறங்கியது. இந்த இடுக்கில்தான் நாட்டின் பல பகுதிகளில் அந்த மூட்டைகள் உள்ளே நுழைந்தன.

பெயரில்லாத மூட்டை

சில ஆண்டுகளுக்கு முன், தை பிறக்கச் சில நாள்களே இருந்த ஒரு விடியற்காலையில், ஆற்றங்கரையோரமாக நாங்கள் மூவர் சென்றுகொண்டிருந்தோம். பாகு மணக்க வேண்டிய இடத்தில் கருகிய ரப்பரின் நாற்றம் வீசிற்று. ஊரையும் உரிமையாளரையும் இங்கே சொல்வதால் பயனில்லை. சிறு முதலில் பெருங்கடனோடு நடந்த கொட்டகை அது. அடுப்பு வாயில் அமர்ந்திருந்தவர் ஐம்பது வயதைக் கடந்தவர். தோளில் கிடந்த துண்டால் அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த மூட்டையிலிருந்து அள்ளி அள்ளி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னங்க எரிக்கிறீங்க?" என்று கேட்டோம்.

"தெரியலீங்கய்யா. லாரியில மூட்டையா வருது. சக்கை நனைஞ்சு போச்சுன்னா இதப் போடச் சொல்லுவாங்க. நல்லாப் பிடிச்சுக்கும்."

மூட்டையைப் பிரித்துப் பார்த்தோம். காலணிக்கு வெட்டியபின் மிஞ்சிய துண்டுகள், நுரைப்பஞ்சு, பளபளப்பான பிளாஸ்டிக் கீற்றுகள், இன்னதென்று விளங்காத கரிய தூள். அவர் எங்களை நிமிர்ந்து பார்த்து, "நீங்க படிச்சவங்க, இது என்னன்னு சொல்லுங்களேன். நெஞ்சுல ஏதோ அடைச்ச மாதிரியே இருக்குதுங்க" என்றார். எங்களுக்கும் விடை தெரியவில்லை. இந்தக் கட்டுரை ஒருவகையில் அவருக்குக் காலம் கடந்து சொல்லும் விடையாகும்.

எரிவது என்ன?

முதலில், அது ஏன் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது? ஈரச் சக்கை கிலோவுக்கு ஏறத்தாழ 2,200 கிலோ கலோரி வெப்பம் தரும். வாகனச் சக்கரத்தின் ரப்பர் 7,500-க்கும் மேல் தரும். கழிவை வெளியேற்ற வேண்டிய தொழிற்சாலைக்கு, அதை முறைப்படி அகற்றுவது செலவு. மூட்டையாகக் கட்டி யாருக்கேனும் கொடுத்துவிடுவது சிக்கனம். வாங்குபவருக்கோ விறகைவிட மலிவு. இருவர் கணக்கிலும் இலாபமே தெரிகிறது. நட்டம் எழுதப்படும் ஏடு வேறு.

இரண்டாவதாக, அப்புகையில் இருப்பது என்ன? ரப்பரில் கந்தகமும் துத்தநாகமும் உண்டு. குரோமியம் இட்டுப் பதனிட்ட தோல் எரியும்போது, அதிலுள்ள குரோமியத்தின் ஒரு பகுதி புற்றுநோய் விளைவிக்கும் வடிவத்துக்கு மாறக்கூடும். பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அது குறைந்த வெப்பத்தில், போதிய காற்றின்றி எரிந்தால், புகை ஆறும் வழியில் 200 முதல் 450 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையில் டையாக்சின் என்னும் நஞ்சுகள் உருவாகின்றன. கொழுப்பில் தங்கி, ஆண்டுக்கணக்கில் உடலைவிட்டு நீங்காத நஞ்சுகள் அவை. 2001-இல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலகம் ஒழிக்க முயலவேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் இவற்றை வைத்தது. இந்தியா 2006-இல் அதை ஏற்றது. திறந்த அடுப்பில் இவை எரிந்து அழியா, மாறாகப் பிறக்கும்.

காய்ச்சும் பருவம் மார்கழியும் தையுமாக அமைந்தது இன்னொரு கேடு. அந்த விடியற்காலைகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதன்மேல் உள்ள காற்று வெப்பமாகவும் இருக்கும். ஆதலால் புகை மேலெழாமல் கூரை உயரத்திலேயே தங்கிவிடும். தெருவில் கோலமிடுபவரும், திருப்பலிக்கும் திருப்பாவைக்கும் நடப்பவரும் அதையே சுவாசிப்பார்கள். புகை சமயம் பார்ப்பதில்லை.

பிற நாடுகளின் படிப்பினை

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் டிரோபோடோ என்றொரு சிற்றூர் உண்டு. சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் டோபு என்னும் ஏழைகளின் உணவை அங்கே பல குடும்பங்கள் காய்ச்சுகின்றன. வெளிநாடுகளிலிருந்து காகித ஆலைகளுக்கு வந்த கழிவுக் காகிதத்தோடு கலந்திருந்த பிளாஸ்டிக் அவர்களது அடுப்புக்குப் போயிற்று. 2019-இல் சுற்றுச்சூழல் அமைப்புகள் அவ்வூர்க் கோழிகளின் முட்டையை ஆய்ந்தன. அம்முட்டை ஒன்றை உண்ணும் பெரியவர், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஒரு நாளைக்குத் தாங்கக்கூடியது என வரையறுத்த டையாக்சின் அளவைப்போல ஏறத்தாழ 70 மடங்கைப் பெறுவார் என்று கண்டார்கள். சாம்பல் மண்ணில் விழுந்தது. கோழி மண்ணைக் கொத்தியது. குழந்தை முட்டையை உண்டது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

நம் நாட்டிலும் உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர், வெல்லத்துக்குப் பெயர்பெற்ற மாவட்டம். அங்கும் இறக்குமதியான கழிவுக் காகிதத்தோடு வந்த பிளாஸ்டிக் உறைகள் ஆலைகளின் உலைகளில் எரிவதை 2022-இல் ஒரு பன்னாட்டுச் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. அமெரிக்க வீட்டு வாசலில் பிரிக்கப்பட்ட பொட்டலத்தின் உறை, இந்தியக் கிராமத்தில் புகையாக முடிந்தது.

இது சிற்றூர் மக்களின் அறியாமை மட்டும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் அடியில் எஞ்சும், கந்தகம் மிகுந்த பெட்ரோலியக் கரியும் ஒருவகையில் கழிவே. அதைப் பெருந்தொழில்கள் எரிபொருளாக வாங்கி எரித்தன. தில்லியின் காற்று தாங்காத நிலையில், 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரப்பிரதேசம், அரியானா, இராசஸ்தான் மாநிலங்களில் அதன் பயன்பாட்டைத் தடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் சிமெண்டு போன்ற சில தொழில்களுக்கு மட்டும் அது அனுமதிக்கப்பட்டது.

சட்டமும் சூளையும்

1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் இப்பொருளில் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் கண்டிருக்கிறது. குறித்த பகுதிகளில் ஒப்புதல் பெறாத எரிபொருளைத் தடுக்கும் அதிகாரத்தை அது மாநில அரசுக்குக் கொடுக்கிறது. எரிபொருளே அல்லாத பொருளை எரிப்பதைத் தடுக்கும் அதிகாரத்தையும் தனியே கொடுக்கிறது. எரியக்கூடியது எல்லாம் எரிபொருள் ஆகிவிடாது என்பது அதன் உட்கருத்து. 2016-ஆம் ஆண்டின் இடர்மிகு கழிவு விதிகள் மேலும் ஒரு படி சென்றன. இடர்மிகு கழிவு ஆலையைவிட்டுப் புறப்படும்போதே, அது என்ன, எவ்வளவு, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று எழுதிய ஆவணம் உடன் செல்லவேண்டும் என்கின்றன அவை. அதாவது, மூட்டைக்குப் பெயர் வேண்டும் என்பதே சட்டத்தின் சாரம். பெயரெழுதிய தாள் இல்லாமல் இரவில் புறப்படும் லாரியில்தான் குற்றம் தொடங்குகிறது. அடுப்பு வாயில் அன்று.

கழிவை எரிபொருளாக்குவது எல்லா இடத்திலும் தீங்கு என்றும் நாம் சொல்லவில்லை. அரியமங்கலத்தில் சுமார் 47 ஏக்கர் பரப்பில் பல பத்தாண்டுகளாகக் குவிந்து, அவ்வப்போது தீப்பற்றிச் சுற்றுப்புற மக்களைத் திணறடித்த குப்பை மலையைத் திருச்சி மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் அகழ்ந்து பிரித்தது. அதில் எரியத்தக்க பகுதி சிமெண்டு ஆலைகளுக்கு அனுப்பப்பட்டது. சிமெண்டுச் சூளையில் கற்கள் 1,450 பாகை வரை சூடேறுகின்றன. அதன் தீ நாக்கு இன்னும் வெப்பமானது. நெடுநேரம் அவ்வெப்பத்தில் நிற்கும் நச்சுப் பொருள்கள் சிதைகின்றன. சாம்பலும் சிமெண்டிலேயே கலந்துவிடுகிறது. ஆயினும் உள்ளே போவது எது என்று சோதித்த பின்னரே அங்கும் போடவேண்டும். புகைபோக்கியில் அளந்ததை ஊரார் அறியும்படி வெளியிடவேண்டும். 1953-இல் கல்லக்குடி என்னும் ஊர்ப்பெயரை மீட்பதற்காக மக்கள் தண்டவாளத்தில் தலைவைத்தார்கள். ஊரின் பெயருக்காக அவ்வளவு துணிந்த நாம், ஊருக்குள் வரும் மூட்டையின் பெயரைக் கேட்கத் தயங்கலாமா?

ஒரு கூலியின் கதை

திருவானைக்காவல் கோயிலின் புறமதிலைப் பற்றி ஒரு பழங்கதை வழங்குகிறது. மதில் எழுப்பிய வேலையாள்களுக்கு, சித்தர் வடிவில் வந்த இறைவன் நாள்தோறும் திருநீற்றையே கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைப்பின் அளவுக்கு அது பொன்னாக மாறியதாம். திருநீற்றின் பெயராலேயே அம்மதில் இன்றும் வழங்கப்படுகிறது. அது பிற சமயத்தாரின் நம்பிக்கையாயினும், உழைத்தவன் கையில் விழும் சாம்பலும் பொன்னாக வேண்டும் என்னும் அதன் நீதி நமக்கும் உடன்பாடானதே.

அந்த விடியற்காலையில் நாங்கள் கண்டவருக்குக் கிடைத்த கூலியில் ஒரு பகுதி நெஞ்சில் தங்கிய சாம்பல். அவருடைய கொட்டகையை மூடி முத்திரையிட்டுவிட்டால் நம் கடமை முடிந்துவிடாது. சக்கையை மழையில் நனையாமல் காக்க ஒரு கூரை, வெப்பத்தை வீணாக்காத அடுக்குக் கொப்பரை அடுப்பு, நல்ல எரிபொருளால் காய்ச்சிய வெல்லத்துக்கு நாலு ரூபாய் கூடுதல் விலை, கழிவை அனுப்பிய ஆலையிடம் கணக்குக் கேட்கும் அதிகாரி ஆகிய நான்கும் அமைந்தால் அந்த மூட்டைக்கு அங்கே வேலையில்லை. முதல் இரண்டுக்கும் கூட்டுறவு சங்கமும் அரசும் உதவலாம். நான்காவது சட்டத்தின் பணி. மூன்றாவது நம் கையில் இருக்கிறது.

வரும் பொங்கலுக்கு வெல்லம் வாங்கும்போது, நிறத்தையும் விலையையும் கேட்பதோடு, "எதை எரித்துக் காய்ச்சியது?" என்றும் கேட்போம். கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பலர் கேட்டால் அவர் மொத்த வணிகரைக் கேட்பார். அவர் கொட்டகையைக் கேட்பார். கொட்டகை லாரியைக் கேட்கும். அப்போது அடுப்பு வாயில் அமர்ந்திருப்பவர் தாம் எரிப்பது இன்னதென்று, நம் பாட்டிமார் போலத் தயங்காமல் சொல்லக்கூடும்.